வென்ட்டா, ஹேட் கானா? சின்ஸா, ஃபாரா?

அலுவலக மெயில்களில் ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ மாதிரி வாக்கியங்களை நிறையவே பார்க்கலாம். எழுதுகிறவரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது அருமையான தமிழ், போய்விட்டுத் திரும்பியும் வந்தாச்சு என்பது அந்த ‘இருந்தேன்’ என்பதிலேயே அடங்கிவிடுகிறது, அந்தப் பழக்கத்தில்தான் கை தானாக ‘ஹேட்’ போடுகிறது. ஆனால் ஆங்கில ‘ஹேட்’ செய்கிற வேலை வேறு. கடந்த காலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னால் இன்னொன்று நடந்து முடிந்துவிட்டது என்று காட்டத்தான் அது. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ நான் போய்ச் சேர்ந்தது ஒன்று, அதற்கு முன்பே ரயில் கிளம்பியது இன்னொன்று. மதுரைக்குப் போனது மட்டும்தான் விஷயம் என்றால் ‘வென்ட்’ போதும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வந்துவிட்டால் எது முந்தியது என்பது அதிலேயே தெரிவதால் பெரும்பாலும் ‘ஹேட்’ இல்லாமலும் சரிதான்.

‘சா’, ‘ஹேவ் சீன்’ இரண்டில் எது என்பது இவ்வளவு சிக்கல் இல்லை. நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘சா’. நேரம் சொல்லாமல், பார்த்த அனுபவம் உண்டு என்று மட்டும் சொன்னால் ‘ஹேவ் சீன்’. ‘ஐ ஆல்ரெடி ஏட்’ அமெரிக்க வழக்கு, ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ பிரிட்டிஷ் வழக்கு, அதற்காக யாரையும் திருத்த வேண்டாம்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்தில் தமிழே கைகொடுக்கும். ‘2015-லிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’, ‘பத்து வருஷமாக’ என்று வந்தால் ‘ஃபார்’, அவ்வளவுதான். ஆனால் அப்புறம் வருகிற வினைச்சொல்லில் தமிழை நம்பக் கூடாது. ‘பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால்தான் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. அங்கே ‘ஹேவ் பீன் லிவிங்’ வேண்டும்.

‘ஆல்தோ’ போட்டுவிட்டு ‘பட்’டும் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘மழை பெய்தாலும், ஆனால் போனோம்’ என்று தமிழில்கூட யாரும் சொல்வதில்லையே! ஏதாவது ஒன்றுதான். ‘டெஸ்பைட்’ போடுவதானால் பின்னால் முழு வாக்கியம் வராது, ‘டெஸ்பைட் த ரெய்ன்’ என்று பெயர்ச்சொல்லோடு நிற்கும். அதற்குப் பின்னால் ‘ஆஃப்’ கிடையாது, அது ‘இன் ஸ்பைட்’டுக்கு உரியது.