செத்துப் பிழைக்கும் பிஎச்பி: நோட், பைத்தான் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்

ஒரு சிற்றிதழின் இணையதளத்தைச் சில ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். தளங்களைச் சர்வரில் ஓட்டும் பிஎச்பி என்ற மொழியில் யாரோ எழுதிவிட்டுப் போனது. ஒருநாள் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "தம்பி, முகப்புல பாதித் தலைப்பைக் காணோம். படம் இருக்கு, எழுதினவர் பேர் இருக்கு, தலைப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக் கிடக்கு."

கட்டுரையைத் திறந்தால் தலைப்பு பத்திரமாக இருந்தது. டேட்டாபேஸிலும் இருந்தது. முகப்பில் மட்டும் இல்லை. அதிலும் பத்துக்கு ஆறேழுதான் காணாமல் போயிருந்தன, மற்றவை ஒழுங்காக வந்தன.

அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. முகப்பில் இடம் போதாது என்று நீளமான தலைப்புகளை 100-ஓடு வெட்டியிருந்தார்கள். வெட்டியது சப்ஸ்டிர் என்ற ஃபங்ஷன். அது எழுத்தை எண்ணாது, கணினிச் சேமிப்பின் அலகான பைட்டை எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி (எழுத்தோ, கொம்போ, புள்ளியோ) ஒவ்வொன்றுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1 பைட். முதல் 100 பைட்டுக்குள் 4 இடைவெளி இருந்தால் மீதி 96; மூன்றால் மிச்சமில்லாமல் வகுபடும், தலைப்பு பிழைத்துக்கொள்ளும். 3 இருந்தாலோ 5 இருந்தாலோ கடைசிக் குறி பாதியில் அறுபடும். அறுபட்ட ஸ்டிரிங்கை (எழுத்துச் சரத்தை) அடுத்து வாங்கியது எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், பக்கத்தில் காட்டுமுன் < போன்ற குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் ஃபங்ஷன். அது பார்த்துவிட்டு, இது செல்லாத யுடிஎஃப்-8 என்று முழுத் தலைப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு வெற்று ஸ்டிரிங்கைத் திருப்பித் தந்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. (8.1 பதிப்பிலிருந்து அறுந்த இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறிக் கட்டம் போடுகிறது. நாங்கள் இருந்தது பழைய பதிப்பில்.)

அன்றைக்கு அந்த மொழியைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் அதற்கடுத்து ஒருவர் சின்னதாகத் தளம் கேட்டபோது மறுபடி பிஎச்பியைத்தான் எடுத்தேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரில் ஓட்டும் நோட் தெரியாமல் இல்லை, பைத்தான் மொழியும் தெரியும்.

முதலில் மொழி அழகு. இதில் பிஎச்பிக்கு வக்காலத்து வாங்க எனக்குத் தெம்பில்லை. 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக சி மொழியில் எழுதிய சில கருவிகள், அடுத்த ஆண்டு வெளியே வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்து வளர்ந்தது. ஒட்டுத்திண்ணை வீடு மாதிரி. இந்த அரேயில் (பட்டியலில்) இது இருக்கிறதா என்று கேட்டால் தேடும் பொருளை முதலில் தர வேண்டும். இந்த ஸ்டிரிங்கில் இது இருக்கிறதா என்றால் தேடும் பொருளை இரண்டாவதாகத் தர வேண்டும். பதினைந்து வருடம் எழுதியவனும் கையேட்டைத் திறந்து பார்ப்பான். பெயர்களில் சிலவற்றில் அடிக்கோடு உண்டு, சிலவற்றில் இல்லை. ஆரம்ப காலத்தில் ஃபங்ஷன் பெயரின் நீளத்தை வைத்தே ஹாஷ் போட்டதால் (தேட வசதியாக அறை பிரித்து வைத்ததால்), பெயர்கள் வெவ்வேறு நீளத்தில் பரவி இருக்கட்டும் என்று சிலவற்றை இழுத்து வைத்ததாக லெர்டார்ஃபே பின்னாளில் சொன்னார். இரண்டு முக்காற்புள்ளி சேர்ந்த :: குறியைத் தப்பான இடத்தில் போட்டால் 8க்கு முந்தைய பதிப்புகள் "பாமாயிம் நெகுடோத்தாயிம்" என்று திட்டும். சாபம் இல்லை. எஞ்சினைத் திரும்ப எழுதிய ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் இருவரும் இஸ்ரேல்காரர்கள். இரட்டை முக்காற்புள்ளிக்கு ஹீப்ரூவில் அதுதான் பெயர்.

இரண்டும் சமமா என்று கேட்கும் == குறி இன்னொரு கதை. 7ஆம் பதிப்பு வரை 0 == "வணக்கம்" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும். எண்ணாகத் தொடங்காத எந்தச் சொல்லும் எண்ணோடு ஒப்பிடும்போது 0 ஆகிவிடும். 2020இல் வந்த 8.0தான் இதை நிறுத்தியது.

சரி, எதிரே நிற்பவர் யோக்கியமா? ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. அதில் "5" + 1 என்றால் "51". "5" - 1 என்றால் 4. பிஎச்பியில் ஸ்டிரிங்கை ஒட்டுவதற்குப் புள்ளி, கூட்டுவதற்கு + என்று தனித்தனியாக வைத்திருப்பதால் இந்தக் குழப்பமே கிடையாது, கூட்டினால் 6 வரும். 10, 9, 1 என்ற எண்களை வரிசைப்படுத்து என்று ஜாவாஸ்கிரிப்டிடம் சும்மா சொன்னால் 1, 10, 9 என்று தரும். எண்களைச் சொல்லாக மாற்றி அகராதிப்படி அடுக்குகிறதாம். பிஎச்பியைப் பார்த்துச் சிரிக்கும் நோட் நண்பர்களிடம் இதை மெதுவாக நினைவூட்டுவேன். பைத்தான்காரர்கள் சிரிக்கலாம், அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டு. எண்ணையும் சொல்லையும் கூட்டச் சொன்னால் பைத்தான் முகத்துக்கு நேரே பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

தமிழில் தளம் நடத்துபவருக்கு உண்மையில் இடிக்கும் இடம் வேறு. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? பிஎச்பியின் ஸ்டிர்லென் 15 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 5 என்பார்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் வீட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதே சரி. மூன்றிலும் அந்த 3-ஐ வரவழைக்கலாம். பிஎச்பியில் முழு எழுத்தாக எண்ணும் கிராஃபீம் ஃபங்ஷன்கள் உண்டு, அதற்கு இன்ட்ல் என்ற கூடுதல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கான செக்மென்ட்டர் கூடவே வருகிறது. பைத்தானில் வெளியிலிருந்து ஒன்றை இறக்க வேண்டும். வித்தியாசம், அசந்து மறந்து எழுதினால் என்ன ஆகும் என்பதில். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மறந்து வெட்டினால் கொம்போ புள்ளியோ போகும். பிஎச்பியில் மறந்து வெட்டினால் குறியே உடையும், 8.1க்கு முந்தைய பதிப்பில் தலைப்பே போகும். பிஎச்பியிலும் எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் 5 என்று எண்ணும். அவற்றைத் தேடிப் பிடித்து எழுதுவது உங்கள் பொறுப்பு. யுனிகோடை மொழிக்குள்ளேயே கொண்டுவர 6ஆம் பதிப்பு என்று ஆண்டுக்கணக்கில் முயன்று, 2010இல் கைவிட்டார்கள். அதனால்தான் 5க்கு அப்புறம் நேராக 7.

இவ்வளவு குறையையும் தாண்டி ஏன் இன்னும் பிஎச்பி? அது ஓடும் விதம்தான் காரணம்.

ஒருவர் உங்கள் பக்கத்தைக் கேட்கிறார். பிஎச்பி உங்கள் நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டும், பக்கத்தைக் கொடுக்கும், வேரியபிள்களை (நினைவில் வைத்த மதிப்புகளை) எல்லாம் துடைத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்தவர் கேட்டால் புதிதாகப் பிறக்கும். முன்னவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்தில் கோட் வெடித்தால் அந்த ஒருவருக்கு மட்டும் வெள்ளைத் திரை. மற்றவர்கள் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். மெமரி கசிந்தால்கூட அடுத்த நொடி அந்தக் கசிவும் சேர்ந்து போய்விடும்.

நோட் அப்படி இல்லை. 2009இல் ரயன் டால் வடிவமைத்தபடி, ஒரே புராசஸ் நாள்கணக்கில் உயிரோடு இருந்து, ஒரே ஈவென்ட் லூப்பில் (வந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சுற்றில்) எல்லோருக்கும் பதில் சொல்கிறது. கோடில் எங்கும் தடுத்துப் பிடிக்காத ஒரு எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தால் மொத்தக் கடையும் சாத்திவிடும். மறுபடி எழுப்பிவிட ஒரு காவல்காரன் வேண்டும். ஒருமுறை உள்நுழைந்தவரின் பெயரை ஃபைலின் மேலே ஒரு வேரியபிளில் போட்டுத் தொலைத்தேன். பிஎச்பிப் பழக்கம். என் லேப்டாப்பில் சோதித்தபோது எல்லாம் அருமை, ஏனென்றால் சோதித்தது நான் ஒருவன். நேரலைக்குப் போனதும் ஒரு அம்மையாருக்கு "வணக்கம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறொருவர் பெயர் வந்தது. பெயரோடு போனது என் நல்ல காலம்.

ஆனால் அரட்டை, நேரலை ஸ்கோர், ஆயிரம் பேர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும் வேலை என்றால் நோட்தான். செத்துச் செத்துப் பிறப்பவனிடம் தொடர்ந்து பேச முடியாது. பிரவுசரிலும் சர்வரிலும் ஒரே மொழி என்பதும் சின்ன வசதி அல்ல. பிறர் எழுதிப் பகிர்ந்த கோட் பொதிகளைச் சார்ந்திருப்பதுதான் பயம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதியை எழுதியவர் நீக்கிவிட, அதன்மேல் நின்ற எத்தனையோ பில்டுகள் (கோடைத் தொகுத்துத் தயாராக்கும் வேலைகள்) உலகெங்கும் விழுந்தன.

பைத்தான் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன், குறை குறைவு என்பதால். பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் பிறந்து 2005இல் வெளிவந்தது. ஆசிரியர் குழு உள்ளே நுழைந்து கட்டுரை போட நிர்வாகப் பக்கம் தானாகவே கிடைக்கும். இதழ் நடத்துபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏற்றுவதுதான் பாடு. தனிச் சர்வர், பொதிகளை வைக்க விர்ச்சுவல் என்விரான்மென்ட், பைத்தானை ஓட்ட கனிகார்ன், முன்னால் வருபவரை வாங்கி அனுப்ப ஓர் என்ஜின்எக்ஸ். இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நான் ஜாங்கோவைத்தான் சொல்வேன். ஆள் போய்விட்டால்?

பிஎச்பி மெதுவானது என்ற பழைய புகார் இப்போது எடுபடாது. 2015 டிசம்பரில் வந்த 7.0 பல தளங்களில் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. பிஎச்பிக்கென்று ஃபேஸ்புக் தனியாக உருவாக்கிய எச்எச்விஎம் என்ற எஞ்சினில் சில ஆண்டுகள் ஓடிய விக்கிப்பீடியா, 2019இல் பிஎச்பி 7க்கே திரும்பி வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் பிஎச்பியில்தான் ஓடுகிறது. பாதுகாப்புப் புகாரில் பாதி நியாயம். மீதிக்குப் பழைய பாடங்கள் பொறுப்பு. 7.0இல் நீக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை வைத்து, பயனர் தட்டியதை அப்படியே டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியில் ஒட்டச் சொல்லித் தரும் பாடங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. புதிதாகக் கற்பவர் 8க்கு முந்தைய எதையும் தொடாமல், வகையையும் சேர்த்து ஒப்பிடும் === மட்டும் போட்டு, லாராவெல் போன்ற ஒரு தயார்ச் சட்டகத்தில் தொடங்கினால் நான் மேலே புலம்பியதில் பாதியைப் பார்க்கவே மாட்டார்.

சிற்றிதழுக்கு வருகிறேன். காரணம் பிடிபட்டதும் ஆசிரியரை மறுபடி லைனில் பிடித்தேன். சப்ஸ்டிர் இருந்த இடத்தில் எம்பி என்ற முன்னொட்டைச் சேர்த்தேன். ஒரே வரி. எஃப்டிபியில் (ஃபைலைச் சர்வருக்கு அனுப்பும் வழியில்) அந்த ஒரு ஃபைலை மட்டும் ஏற்றினேன். பில்டு இல்லை, ரீஸ்டார்ட் இல்லை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஆ, வந்துடுச்சு தம்பி! எல்லாம் வந்துடுச்சு." கொஞ்ச நேரம் மவுஸ் உருளும் சத்தம். "மூணாவது தலைப்பைப் பாருங்க, 'தமிழ்'னு முடியணும். 'தமிழ'ன்னு நிக்குது. புள்ளி எங்க போச்சு?"

அந்த ஹோஸ்டிங்கில் இன்ட்ல் இல்லை. "தலைப்பைக் கொஞ்சம் சின்னதா வைங்க சார்" என்றேன்.