மேட்டு நகரில் கடை கட்ட: கான்கிரீட் தளமா, இரும்புக் கூடமா?

மொரீஷியஸில் மெட்ரோ தடம் 2022-இல் மேட்டு நகரான கியூர்பிப்பைத் தொட்ட பிறகு, காத்ர் போர்ன் முதல் கியூர்பிப் வரை நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் மனை வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் ஒரே பேச்சுதான். கடை கட்டலாம், சரி. எதில் கட்டுவது? தூணும் உத்திரமும் தட்டைத் தளமுமாகக் கான்கிரீட்டிலா, இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு போர்த்தியா?

என் தேர்வு கான்கிரீட். அந்தப் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்திருப்பது 10 மீட்டர் முகப்பும் 20 மீட்டர் ஆழமும் உள்ள நகர மனை. கீழே கடை, மேலே இன்றில்லாவிட்டாலும் நாளை ஒரு வீடோ வாடகை அலுவலகமோ. ஃபீனிக்ஸ் பக்கம் பெரிய கிடங்கு போடுகிறவர்கள், நடுவில் தூணே கூடாது என்று 25 மீட்டர் அகலம் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவில் இரும்புக்கு ஈடு கிடையாது.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகத் தாண்டுவோம். இரும்பு சீக்கிரம் எழும்பும்: பட்டறையில் வெட்டி, துளையிட்டு, கொண்டுவந்து போல்ட் போட்டால் சில வாரத்தில் கூரை நிற்கும். கான்கிரீட்டுக்கு மாதக்கணக்காகும். நாளைக்கு இடம் மாற வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி இரும்பை விற்கலாம், கான்கிரீட்டை இடித்துக் கொட்டத்தான் முடியும். தீ விஷயத்தில் கதை மறுபக்கம். மூடாத இரும்பு 550 டிகிரி வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும். மேலே குடும்பம் படுத்துறங்கப் போகிறதென்றால் இரும்பின் மேல் தீத்தடுப்புப் பூச்சோ பலகையோ போட்டே ஆக வேண்டும், அந்தச் செலவை முதல் மதிப்பீட்டில் பலர் சேர்ப்பதில்லை.

இவை எதுவும் தீர்ப்பைச் சொல்லாது. தீர்ப்பைச் சொல்வது பராமரிப்பு. குறிப்பாக, பராமரிப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது. வியாபாரம் செய்கிறவர் ஐந்தாறு வருடம் கூரையை ஏறிப் பார்க்கமாட்டார். அதை ஒத்துக்கொண்டுதான் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேட்டு நிலம் என்பதால் இது இன்னும் கடுமை. கியூர்பிப் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 550 மீட்டர் மேலே இருக்கிறது. நடு மேட்டில் ஆண்டுக்கு 4000 மி.மீ. வரை மழை பெய்யும் இடங்கள் உண்டு. மேற்குக் கடற்கரையில் 1000 மி.மீ.கூட எட்டாது. அந்தக் கடற்கரையின் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் பத்து வருடம் கேள்வி கேட்காமல் நின்ற கூரை, மேட்டிலுள்ள ஃப்ளோரேயாலில் பாதிக் காலத்தில் ஒழுகத் தொடங்கினால் அது கொத்தனாரின் குற்றம் மட்டும் அல்ல.

முதலில் காற்று. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயலின்போது ரெடுயியில் மணிக்கு 216 கி.மீ. வீச்சு பதிவானது, அதாவது நொடிக்கு 60 மீட்டர். அந்த வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 220 கிலோ அழுத்தம் தரும். தாழ்ந்த சரிவுள்ள கூரையில் இது கீழ்நோக்கி அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த உறிஞ்சல் இரட்டிப்பாகலாம். 0.5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோ சொச்சம்தான். தகட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பான பர்லின், சட்டம் எல்லாம் சேர்த்தாலும் 30 கிலோ. 150 மி.மீ. கான்கிரீட் தளமோ 360 கிலோ, அதுவும் தூணோடு ஒன்றாக வார்த்தது. ஒன்று தன் எடையாலேயே இருக்கும் இடத்தில் இருக்கிறது, மற்றது திருகுகளின் பிடியில் இருக்கிறது. மோக்கா மலைத்தொடரின் அடியிலோ கோர் தெ கார்த் சரிவிலோ மனை இருந்தால், முகட்டைத் தாண்டி இறங்கும் காற்றும் இரு மலைக்கிடையே நுழையும் காற்றும் சமவெளியைவிட வேகமெடுக்கும். அந்தக் கூடுதலைப் பொறியாளர் கணக்கில் எடுத்திருக்கிறாரா என்று கேட்டு வாங்குங்கள்.

இரும்பு இலேசானது, அஸ்திவாரச் செலவு குறையும் என்று சொல்வார்கள். இங்கே அது பாதி உண்மைதான். 10 மீட்டர் அகலக் கூடத்தில் 5 மீட்டருக்கு ஒரு சட்டம் வைத்தால், ஒரு தூணின் பங்கு 25 சதுர மீட்டர் கூரை. காற்று அதை 5.5 டன் மேலே இழுக்கும். கூரையின் சொந்த எடை முக்கால் டன்னைக் கழித்துவிடும். மீதி ஏறக்குறைய ஐந்து டன்னை அஸ்திவாரத்தின் எடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் தூணுக்கு 3 கன மீட்டர் வந்துவிடுகிறது. குழியின் மேல் திருப்பிக் கொட்டும் மண்ணின் எடையைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஷட்டர் விஷயம் தனி. முகப்பு ரோலிங் ஷட்டர் நடுவில் வளைந்து தண்டவாளத்தை விட்டு வந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தும் தள்ளும். 3 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஷட்டருக்கு நடுவில் கழற்றி மாட்டும் இரும்புத் தூணும், இரு ஓரத்திலும் காற்றில் ஷட்டர் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் பூட்டும் கேளுங்கள். இது கான்கிரீட் கடைக்கும் பொருந்தும், ஆனால் தகடுக் கூரைக்கு இது உயிர்நாடி.

இனி அசல் விஷயம்: திருகு. சதுர மீட்டருக்கு ஆறு என்று வைத்தாலும் 200 சதுர மீட்டர் கூரையில் 1200 திருகுகள், 1200 துளைகள். ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் ஒரு ரப்பர் வாஷர். அதிகம் இறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒரு வருடத்தில் வெடிக்கும், குறைவாக இறுக்கினால் அன்றைக்கே கசியும். சரியாக இறுக்கியதும் வெயிலில் காய்ந்து கெட்டியாகி ஒருநாள் விரியும். மழை அந்த வழியாகத் திருகின் மரையில் இறங்கிப் பர்லினின் மேல்முகத்தில் தங்கும். பர்லின் 2 மி.மீ. தகடுதான். அது துருப்பிடிப்பது கீழிருந்து தெரியாது, ஏனென்றால் குளிர்கால இரவில் தகடு வியர்த்துச் சரக்கின் மேல் சொட்டாமலிருக்க அடியில் படலம் ஒட்டிய காப்புப் பஞ்சு போட்டிருப்பீர்கள். மேட்டில் அது போடாமல் முடியாது. பஞ்சு, அதன் கீழ் சீலிங், எல்லாம் துருவை மறைத்து நிற்கும்.

புயல் வேறொரு சேதமும் செய்யும். மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை தகடு திருகுத் தலையின் கீழ் மேலும் கீழும் அசையும்போது, தலையைச் சுற்றி நட்சத்திரம்போல மெல்லிய வெடிப்புகள் விடும். கடைசியில் திருகு அப்படியே நிற்க, தகடு மட்டும் கழன்று பறக்கும். 1974-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் ட்ரேசி புயலுக்குப் பின் கூரைகளை ஆராய்ந்தபோது இந்த உலோகச் சோர்வுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. ஒரு புயலில் பறக்காத தகடு நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடுத்த புயலில் பாதி வலுவோடு நிற்கக்கூடும். அகலமான புயல் வாஷர் போட்டு, ஓரத்திலும் மூலையிலும் திருகை நெருக்கினால் ஆபத்து குறையும். போட்டது போட்டபடி இருக்கிறதா என்பதை ஆண்டுதோறும் ஏறித்தான் பார்க்க வேண்டும்: இடுப்புக் கயிறு கட்டி, பர்லின் வரிசையில் மட்டும் கால் வைத்து, துருக்கோடு வழியும் ஒவ்வொரு திருகையும் கழற்றி, தளர்ந்த துளைக்கு ஒரு அளவு பருமனான திருகு போட்டு. இதைக் கடைக்காரர் தானாகச் செய்ய முடியாது, ஆள் வைக்க வேண்டும். ஆள் வைக்காத வருடங்களின் விலை ஒரே இரவில் வரும், கூரையோடு சேர்த்துச் சரக்கும் போகும்.

இரும்புக்கு நியாயமும் சொல்லியாக வேண்டும். முழுச் சட்டத்தையும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்திருந்தால் பூச்சு 85 மைக்ரான் அளவில் இருக்கும். கடலிலிருந்து விலகிய மேட்டில் அது பல பத்தாண்டுகள் தாங்கும். கெடுப்பது பிறகு செய்யும் வேலை: தளத்தில் வைத்து வெல்டிங் அடிக்கும்போது துத்தநாகம் எரிந்துபோகிறது, மேலே வெள்ளிப் பெயின்ட் தடவி மறைக்கிறார்கள். தூணின் அடித்தட்டு இன்னொரு இடம். தரை கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அடித்தட்டைத் தரைமட்டத்துக்கு 100 மி.மீ. மேலே, கான்கிரீட் மேடையில் உட்கார வையுங்கள். தட்டுக்கும் மேடைக்கும் இடையில் சுருங்காத கிரவுட்டை, அதாவது இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவையை, முழுக்க நிரப்ப வேண்டும். அதை மட்டும் விட்டுவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு.

கான்கிரீட் தளமும் ஒழுகும். ஆனால் எங்கே ஒழுகும் என்று முன்கூட்டியே தெரியும், நடந்துபோய்ப் பார்க்கலாம், தவறவிட்டால் சீலிங்கில் ஈரத் திட்டு வந்து எச்சரிக்கும். ஒழுகும் இடங்கள் நான்கு: கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலை, நீர் வெளியேறும் வாய், குழாய் துளைத்து ஏறும் இடம், மேல்மாடிக்கென்று விட்டிருக்கும் கம்பிகளின் அடி. தளத்துக்கு 80-க்கு 1 சரிவு கேளுங்கள், வேலையில் 100-க்கு 1-ஆவது மிஞ்சும். 200 சதுர மீட்டருக்குக் குறைந்தது நான்கு வாய்கள், 100 மி.மீ. குழாய், அதோடு கைப்பிடிச் சுவரிலேயே தளத்திலிருந்து 50 மி.மீ. உயரத்தில் வழிந்தோடும் துளை. இலை அடைத்தாலும் தண்ணீர் அந்த வழியாகத் தெருவில் கொட்டிச் சேதி சொல்லும். நீர் புகாமல் தடுக்கச் சூடுகாட்டி ஒட்டும் தார்த் தாளான மெம்பிரேன் 4 மி.மீ., இரண்டு அடுக்கு, ஓரத்தில் 100 மி.மீ. மேற்பொருத்தம், சுவரில் 150 மி.மீ. ஏற்றம், மூலையில் சிமென்ட் கலவையால் சாய்வு. ஒட்டி முடித்ததும் வாய்களை அடைத்து 50 மி.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். இந்தச் சோதனையைப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மேட்டில் மெம்பிரேன் தோற்பதற்கு முக்கியக் காரணம் ஈரத் தளத்தின் மேல் ஒட்டுவது. பார்வைக்குக் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே நீர் இருக்கும். வெயில் பட்டதும் ஆவியாகி மெம்பிரேனைக் கொப்புளமாகத் தூக்கும். ஒரு மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி, மறுநாள் காலை எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்திருந்தால், இன்னும் ஒட்டக் கூடாது. ஒழுங்காக ஒட்டிய மெம்பிரேன் 10 முதல் 15 வருடம் போகும். பிறகு மேலே ஒரு அடுக்கு.

கான்கிரீட்டின் பெரிய வியாதி உள்கம்பித் துரு. துரு பருத்து மேல்பூச்சைப் பெயர்த்துவிடும். மருந்து கம்பிக்கு மேல் விடும் கான்கிரீட் கனம்தான்: உள்தளத்துக்கு 25 மி.மீ., மழை படும் தூணுக்கும் உத்திரத்துக்கும் 40, மண்ணைத் தொடும் அஸ்திவாரத்துக்கு 50. கம்பிக்கடியில் உடைந்த பிளாக் துண்டு செருகுவதை அனுமதிக்காதீர்கள், அது நீரை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்கும். சிமென்ட் கட்டைகளை முன்பே வார்த்து வையுங்கள்.

வியாபாரம் பெருகினால் என்ன என்ற கேள்விக்கும் இதே பதில்தான் வருகிறது. இரும்புக் கூடம் நீளவாக்கில் வளரும், அதற்கும் கடைசிச் சட்டத்தை முதலிலேயே முழுச் சட்டமாகப் போட்டிருக்க வேண்டும். 20 மீட்டர் ஆழ நகர மனையில் நீள இடம் ஏது? மேலேதான் போக வேண்டும். அஸ்திவாரத்தையும் தூணையும் இரண்டு மேல்மாடிக்குக் கணக்கிட்டு வார்த்துவிடுங்கள். இப்போது கூடும் செலவு, பின்னால் தூணைப் பருக்கவைக்கும் செலவில் சிறு பங்கு. தூணுக்கு மேல் விடும் கம்பி, 16 மி.மீ. என்றால் 800 மி.மீ. நீளம் வேண்டும். நம் ஊர் மாடிகளில் வருடக்கணக்காகத் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள், அடியில் பாதியாகத் தேய்ந்த கம்பியோடு புதுத் தூணை இணைப்பது ஆபத்து. சிமென்ட் கூழ் பூசி, மெலிந்த கலவையில் சிறு தூணாக வார்த்து மூடி, அதன் மேலும் மெம்பிரேனை ஏற்றிவிடுங்கள். வேண்டும்போது உளியால் உடைத்தெடுக்கலாம். மேல்மாடிக்கு நகராட்சியில் கட்டட, நில உபயோக அனுமதி புதிதாக வாங்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் அப்போதும் கேட்பார்கள், ஆகவே முகப்பில் இடம் விடாமல் முட்டக் கட்டிவிடாதீர்கள்.

மண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் எச்சரிக்கை ஒன்றே. செம்மண்ணில் பெரிய கருங்கற்கள் புதைந்திருக்கும். ஒரு அஸ்திவாரம் கல்லின் மேலும் பக்கத்தது களியின் மேலும் உட்கார்ந்தால் கட்டடம் சமமின்றி இறங்கிப் பிளாக் சுவர் படிப்படியாக வெடிக்கும். எரிமலைக் குழம்பு ஓடிய குகைகளும் இந்தத் தீவில் உண்டு. ஒவ்வொரு தூண் குழியிலும் துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் கனமானது, அதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

கீழே கான்கிரீட், மேலே மட்டும் இலேசான இரும்பு மாடி என்று கலந்து கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அஸ்திவாரம் பழையது, இன்னொரு தளம் தாங்காது என்றால் அது நல்ல வழி. புதிதாகக் கட்டுகிறவருக்கு அதில் லாபம் தெரியவில்லை. 1200 திருகும் அப்படியே ஒரு மாடி உயரத்துக்கு ஏறிவிடுகின்றன.

காலம் பார்க்கிறவர்களுக்கு: தை பிறந்ததும் கால்கோள் போட வேண்டும் என்று நம்மில் பலர் நிற்பார்கள். இங்கே தை, மாசி என்றால் புயலும் குழி நிறைய நீரும். கரோல் 1960 பிப்ரவரியில் வந்தது, ஜெர்வேஸ் 1975 பிப்ரவரியில், பெலால் 2024 ஜனவரியில். பூசையை நல்ல நாளில் முடித்துக்கொண்டு, தோண்டுவதை வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் தளம் வார்த்து, ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு, வார்த்த அன்று தூறல் வந்தால் மூடப் பிளாஸ்டிக் தாளைக் கையில் வைத்திருங்கள். அக்டோபர்தான் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம். ஐப்பசி பிறக்கும்போது பிளாஸ்டிக் தாள் சோதனை தேறினால் மெம்பிரேனை ஒட்டி, தண்ணீர் கட்டிப் பார்த்து, நவம்பரில் புயல் காலம் தொடங்குமுன் வேலையை மூடிவிடலாம்.