மார்கழி விடுமுறைக்கு மண்ணா, ஓலையா, வெண்டைக்காயா?

போன டிசம்பரில் சின்னவளின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. குளிர்காலக் கைவேலையாகப் பனிமனிதன் செய்து அனுப்ப வேண்டுமாம். பஞ்சு, தெர்மாகோல் உருண்டை, கறுப்பு சார்ட், பசை எல்லாம் வாங்கி வந்தோம். அவளுக்கு வயது நாலு. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து செய்தது நான். அவள் பங்குக்குக் கேரட் மூக்கை ஒட்டினாள். அதுவும் கோணலாக இருக்கிறதென்று நானே பிடுங்கி நேராக ஒட்டினேன். மறுநாள் அதற்கு ‘வெரி குட்’ கிடைத்தது, எனக்கு.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு அந்த வெள்ளைப் பனி எங்கே தெரியப்போகிறது? மார்கழியும் தையும் நமக்கு முன்பனிக்காலம். பனி பூசணி இலையில் துளியாக நிற்கும், வாசல் கோலத்தை லேசாக நனைக்கும், வெயில் ஏறினால் போய்விடும். அந்தக் காலத்தில் கைக்குக் கிடைப்பவை வேறு: மழை முடிந்து குழைந்து கிடக்கும் குளத்து மண், பச்சைத் தென்னோலை, கொல்லையில் பூத்த சங்குப்பூ. அரையாண்டு விடுமுறையில் இவற்றை வைத்து வீட்டில் நாலைந்து வேலைகளைச் செய்து பார்த்தோம். கூட இருந்தவன் அக்கா மகன், ஆறு வயது. ஒவ்வொன்றிலும் நான் கவனித்தது ஒன்றைத்தான்: வேலையில் பிள்ளையின் கை எவ்வளவு, என் கை எவ்வளவு?

தென்னோலையில் தொடங்கினேன், பார்க்க அதுதான் அழகு என்பதால். கீற்றிலிருந்து நாலு ஓலை உருவி, ஈர்க்கை நீக்கி, மடித்துக் கோத்தால் காத்தாடி. நடுவில் ஒரு கருவேல முள், பிடிக்க ஒரு குச்சி. செலவு ஒன்றுமில்லை. முற்றத்தில் ஓடினால் விர்ரென்று சுற்றும், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் கோப்பது யார்? ஒரு ஓலையின் மடிப்புக்குள் அடுத்ததன் நுனியைச் செருகி, நாலையும் ஒரே நேரத்தில் இழுத்து இறுக்க வேண்டும். ஆறு வயதுக்காரன் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டான். நாலு வயதுக்காரியின் விரலுக்கு அது எட்டவில்லை. “நீங்களே செய்யுங்கம்மா” என்று ஓலையை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கைக்கடிகாரமும் இதே கதைதான். பாம்பு, கிளி எல்லாம் ஆச்சி கைக்கு மட்டுமே வருகிறது. ஆக, ஓலையில் பிள்ளைக்குக் கிடைப்பது நல்ல விளையாட்டுச் சாமான், கைவேலை அல்ல. ஆறு, ஏழு வயதுக்கு மேல் கணக்கு மாறும். ஈர்க்கையும் முள்ளையும் தரையில் போட்டுவிடாதீர்கள், கண்ணுக்கும் காலுக்கும் ஆகாது. பனையோலை இன்னும் உறுதிதான். ஆனால் மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். அதை வெட்டிச் சீவித் தர வீட்டில் யாராவது இருந்தால் மட்டும் எடுங்கள்.

களிமண் இதற்கு நேர் எதிர். பார்க்க அழகில்லை, வீடெல்லாம் அழுக்கு, வேட்டி துண்டு எதுவும் தப்பாது. ஆனால் முதல் நிமிடத்திலிருந்தே வேலை பிள்ளையுடையது. பிசைவது, உருட்டுவது, தட்டுவது, குத்துவது எதற்கும் என் கை தேவைப்படவில்லை. உருண்டை வந்தால் லட்டு, நசுங்கினால் தோசை, நீண்டால் பாம்பு. தப்பு என்று ஒன்று இல்லாத வேலை இது. சின்னவள் ஒரு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். நான் ஒரு மூக்கைச் சரிசெய்யக் கையை நீட்டியபோது, “தள்ளுங்க, நான் செய்யுதேன்” என்றாள். பனிமனிதன் நாளில் அவள் சொல்லாமல் விட்டது.

மண் எங்கே கிடைக்கும் என்பதுதான் பட்டணத்துக்காரர்களின் கேள்வி. பொங்கல் பானை செய்கிற வேளார் வீடுகளில் கேட்டால், பிசைந்து பதமான மண்ணே தருவார்கள். கல் குத்தாது, குப்பை இருக்காது. குளத்துக் கரம்பை என்றால் நீங்களே கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தண்ணீரை இறுத்துவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் வேலை. வெறும் களிமண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மெல்லிய ஆற்று மணல் சேர்த்துப் பிசைந்தபின் எங்கள் வீட்டில் வெடிப்பு குறைந்தது. விரல் கனத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். யானைக்குத் தும்பிக்கை ஒட்டும்போது சும்மா வைத்து அழுத்தினால் காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி ஒட்ட வேண்டும்.

மார்கழி ஈரத்தில் மண் காய நாலைந்து நாள் ஆகிறது. இது குறை என்று நினைத்தேன், நல்லதாகத்தான் முடிந்தது. சித்திரை வெயிலில் மேற்புறம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அதனால்தான் பிளக்கும். இப்போது நிழலில் மெல்லக் காய்கிறது. காய்ந்ததற்குச் சுண்ணாம்பும் காவியும் பூசினோம். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. சுடாத மண் என்பதால் தண்ணீரில் போட்டால் கரைந்து திரும்பவும் மண்ணாகிவிடும். அக்கா மகனுக்கு அது வருத்தம். சின்னவளுக்கு அதுவே இரண்டாவது விளையாட்டு, செய்த யானையை வாளியில் குளிப்பாட்டி முழுதாகக் கரைத்துவிட்டாள்.

மண்ணில் கை வைக்கவே மறுக்கிற பிள்ளைகள் உண்டு. கை பிசுபிசுத்தால் அழும். அவர்களுக்கு வெண்டைக்காய் அச்சு. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி ஒரு பூ. வாழை இலையின் நடுமட்டையை வெட்டினால் சின்னச் சின்னக் கட்டங்களோடு பிறை. பூவரச இலையின் பின்பக்கத்தில் சாயம் தடவி அழுத்தினால் நரம்பெல்லாம் பதியும். தொட்டு வைப்பது, அழுத்துவது, எடுப்பது, மூன்றே அசைவுதான் என்பதால் இரண்டரை வயதுக் குழந்தைகூடச் செய்யும். வெட்டித் தருவது மட்டும் நம் வேலை. கால் மணி நேரத்தில் ஒரு தாள் நிறைந்துவிடும், அரை மணியில் காய்ந்தும்விடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை வேண்டும் என்றால் இதுதான்.

ஆனால் அச்சு வேலை சீக்கிரம் அலுத்துப்போகும். இருபதாவது பூவுக்குப் பிறகு என்ன? அங்கேதான் சாயம் கைகொடுக்கிறது. கடை வண்ணத்தை விட்டுவிட்டு, சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள், கருநீலம் இறங்கும். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கண்முன்னே ஊதாவாக மாறும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு. அக்கா மகன் அச்சை மறந்துவிட்டு எலுமிச்சையோடு உட்கார்ந்துவிட்டான். “சித்தி, இன்னொரு பழம் வெட்டுங்க, இன்னொன்னு” என்று நாலு பழம் காலி. சாயத்தில் கொஞ்சம் கெட்டிக் கஞ்சி சேர்த்தால் தாளில் வழியாது. இந்த நிறங்கள் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பீட்ரூட் நாளடைவில் பழுப்பாகும். சுவரில் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

விதை ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. இணையத்தில் பார்த்தால் கொள்ளை அழகு: புளியங்கொட்டை மயில், மஞ்சாடி விதைப் பூ. மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மூக்கில், காதில், தொண்டையில் போய் மாட்டக்கூடிய அளவில்தான் எல்லா விதையும் இருக்கிறது. குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம். அந்தச் சிவப்பும் கறுப்பும் பிள்ளைகளைக் கூப்பிடும், உள்ளே இருப்பது கொடிய நஞ்சு, மென்றால் உயிருக்கே ஆபத்து. அரளியும் ஊமத்தையும் அப்படித்தான். ஆறு வயதுக்கு மேல் என்றால் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயக்கட்டையாக்கச் சொல்லுங்கள். மயிலை ஒட்டுவதைவிட அதில் கை நிறைய வேலை உண்டு.

இத்தனையும் பார்த்த ஆச்சி, “ஏட்டி, இதெல்லாம் என்ன புதுசு? சிறுவீடு கட்டுனதெல்லாம் மறந்துபோச்சா?” என்றார். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள். பிறகு அதைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். வாசலில் மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, தையில் ஒரு நாள் அதில் பொங்கலிட்டு, சேர்த்த வரட்டிகளை ஆற்றில் விடுவார்கள். ஒரு மாதம் நீளும் கைவேலை, தினமும் ஐந்து நிமிடம். மண்ணில் இருக்கிற சுதந்திரமும், நாளை என்ன பூ என்கிற எதிர்பார்ப்பும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. குறை என்றால், அடுக்குமாடியில் சாணிக்கும் வாசலுக்கும் எங்கே போவது? கையில் வெட்டுக்காயம் உள்ள நாளில் சாணி தொடக்கூடாது, டெட்டனஸ் கிருமி அதில் இருக்கலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

மாடியில் இருக்கிற தங்கைக்கு வெண்டைக்காயும் சங்குப்பூவும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இந்த வருஷமும் மண்தான், கூடவே சிறுவீடு. வேளார் வீட்டு மண் ஒரு சட்டி வந்துவிட்டது, ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்திருக்கிறேன். பள்ளிச் சீட்டு வந்தால், சின்னவள் செய்கிற யானையே போகும், மூக்கு எந்தப் பக்கம் கோணியிருந்தாலும்.