யூரோ நோட்டோடு பயணம்: பாரிஸில் அறிவிப்பு, சென்னையில் அறிவிப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் இது அடிக்கடி எழும் குழப்பம்: பயணத்தில் கையில் பணம் எடுத்துப்போவதற்குப் பிரான்ஸிலும் இந்தியாவிலும் சட்டம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிரான்ஸில் வரம்பு 10,000 யூரோ. சரியாக 10,000 இருந்தாலே சுங்கத்துறைக்கு அறிவிக்க வேண்டும், நுழையும்போதும் வெளியேறும்போதும். நோட்டு மட்டும் கணக்கில்லை: பயணக் காசோலை, குறைந்தது 90 சதவீதம் பொன் உள்ள நாணயம், குறைந்தது 99.5 சதவீதம் பொன் உள்ள தங்கக்கட்டி எல்லாம் சேரும். மறைத்துப் பிடிபட்டால் தொகையில் பாதிவரை அபராதம். புறப்படும் முன் சுங்கத்துறையின் இணையதளத்திலேயே படிவத்தை முடித்துவிடலாம், அதுதான் வசதி.

சென்னையில் இறங்கும்போது கணக்கு டாலரில். வெளிநாட்டு நோட்டு மட்டும் 5,000 டாலரைத் தாண்டினாலோ, பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, நாணய அறிவிப்புப் படிவம் கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான். 8,000 யூரோ நோட்டுக்குப் பாரிஸில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே யூரோவை டாலராக மாற்றிப் பார்த்தால் 5,000ஐத் தாண்டிவிடும்.

சுங்க அதிகாரி முத்திரையிட்ட படிவத்தைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மிச்சப் பணத்தைத் திரும்ப எடுத்துப்போகும்போது, கொண்டுவந்ததற்கு அதுவே சான்று. இந்திய ரூபாய் நோட்டு என்றால், இங்கே வசிப்பவர் வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் வரம்பு 25,000தான்.