இன்கா பாதை: நான்கு நாள் நடை, காசுக்குத் தகுமா?

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து வண்டியில், ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டர் என்னும் தொடக்க இடம்; அங்கிருந்து இன்காக்களின் பழைய மலைநகரான மச்சு பிச்சு வரை சுமார் 43 கி.மீ. நடை. தகும், இரண்டாம் நாளைத் தாங்கினால். அன்றுதான் 4,215 மீட்டர் உயர வார்மிவன்யுஸ்கா கணவாய். 3,400 மீட்டரில் உள்ள குஸ்கோவில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்காதவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் இங்கே வர வாய்ப்பு அதிகம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்ததில் பாதம்கூட முழுசாகப் பதியாது. மழை விழுந்தால் வழுக்கல் வேறு. ஊன்றுகோல் இரண்டு எடுங்கள், நுனியில் ரப்பர் உறை கட்டாயம். இரும்பு முனை பழங்கல்லைச் சிதைக்கும்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நாளைக்கு 500 பேர்தான், சுமைதூக்குபவர்களும் அதில் அடக்கம். அதனால் ஜூன், ஜூலை இடங்கள் பல மாதம் முன்பே போய்விடும். பிப்ரவரியில் பாதை மூடல். முன்பதிவுக்குப் பின் பாஸ்போர்ட் மாற்றியிருந்தால் பழையதையும் கொண்டு போங்கள். எண் பொருந்தாவிட்டால் சாவடியோடு சரி. அடிமாட்டு விலை சொல்லும் நிறுவனத்திடம் சுமைதூக்குபவரின் கூலி என்ன, எத்தனை கிலோ ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசி நாள் இருட்டில் வரிசையில் நின்று, மச்சு பிச்சுவை மேலிருந்து பார்க்கும் ‘சூரிய வாசல்’ இன்டி புங்கு போனால், பல நாள் பனிமூட்டம்தான் தெரியும். மூன்றாம் நாள் பிற்பகல், வழியிலுள்ள இன்கா இடிபாடான வின்யாய் வைனாவைத் தவறவிடாதீர்கள். வளைந்திறங்கும் படிக்கட்டு வயல்கள், படியோரம் வரிசையாக நீர்த்தொட்டிகள். கூட்டமும் குறைவு.