ட்ரிப்ஸ் ஏறும் கையைக் கொஞ்சம் பாருங்கள்

எங்களுக்குத் தங்கச்சிமடம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம், மீன் பிரிக்கும்போது அப்பாவின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. வெந்நீரில் காலை வைத்து வலியை அடக்கியவர், வீட்டில் மூச்சே விடவில்லை. நாலாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சல். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம்.

காலைக் கிழித்துச் சுத்தம் செய்து, சீழை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்ததும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ட்ரிப்ஸுக்கு மாற்றினார்கள். கால் பிழைத்தது, அதில் குறையே இல்லை. என் புகார் ட்ரிப்ஸ் ஏறிய கையைப் பற்றியது.

வான்கோமைசின், ஊசி குத்தும் ரத்த நரம்பைப் புண்ணாக்கும் மருந்து. 1 கிராமைக் குறைந்தது 200 மில்லி சலைனில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கே 100 மில்லி பாட்டிலில் கலந்து, ட்ரிப்ஸ் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை முழுசாகத் திறந்துவிட்டு இருபது நிமிடத்தில் முடித்தார்கள். முதல் டோஸிலேயே அப்பாவுக்கு முகம், கழுத்தெல்லாம் சிவந்து அரிப்பு. அலர்ஜி என்று ஓர் ஊசி போட்டார்கள், மறுநாளும் அதே வேகம். வேகமாக ஏற்றினாலே இப்படிச் சிவக்கும், பிரஷர்கூட இறங்கும். மெதுவாக விட்டிருந்தால் போதும்.

வென்ஃப்ளானை, அதாவது ட்ரிப்ஸ் ஏற நரம்பில் குத்தி வைக்கும் சின்னக் குழாயை, குத்தியிருந்தது மணிக்கட்டு மடியும் இடத்தில். மேலே வெள்ளை பிளாஸ்டர், கட்டுப் போட்ட மாதிரி சுற்றி. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போட்ட தேதியும் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா சிஸ்டரிடம், "எரியுதும்மா" என்றார். சிஸ்டர், "இந்த மருந்து எரியத்தான் செய்யும் ஐயா, கையை ஆட்டாதீங்க" என்று போய்விட்டார். புயலில் படகு ஓட்டியவர், எரிகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத்தான் தெரியும். டூட்டி டாக்டரிடம் போனேன். "வயசானவருக்கு வேற நரம்பு கிடைக்காது தம்பி, இருக்கிறதை வச்சு ஓட்டுவோம்."

மறுநாள் ராத்திரி மருந்து இறங்காமல் நின்றது. சிரிஞ்சில் சலைன் எடுத்து அழுத்தித் தள்ளினார்கள். அப்பா பல்லைக் கடித்தார். அப்புறம் மறுபடி அதே லைனில் மருந்து.

காலையில் நானே பிளாஸ்டரைப் பிரித்தேன். புறங்கை பலூன் மாதிரி, நடுவில் கொப்புளம். முழங்கை வரை சிவப்புக் கோடு, தொட்டால் நரம்பு நைலான் கயிறு போலக் கெட்டி. நரம்பு வீங்கி உடைந்து, மருந்து தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. எரிச்சல் ஆரம்பித்த அன்றே நிறுத்தி வேறு இடத்தில் குத்தியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே உள்ளே தெரிகிற பிளாஸ்டர், மேலே தேதி. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஒரு சிஸ்டர் வந்து அழுத்திப் பார்த்து, "வலிக்குதா ஐயா?" என்று கேட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை வென்ஃப்ளானை மாற்றுவது பழைய கணக்காம். நாளை எண்ணுவதைவிட இடத்தைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றார். இந்த மாதிரி மருந்து பல நாள் ஓடும் என்று தெரிந்தால், மேல்கையில் நீளமான குழாய் போட முடியுமா, மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

கொப்புளம் கறுத்து உரிந்து, ஆறு வாரம் டிரெஸ்ஸிங். கட்டைவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. வலை பின்னும் ஊசி கையில் நிற்காமல் நழுவுகிறது.

இனி பில். நாலு நாளைக்கு இன்ஃப்யூஷன் பம்ப் (ட்ரிப்ஸை அளந்து ஏற்றும் மெஷின்) வாடகை! அந்த அறைக்குள் ஒரு மெஷினும் வரவில்லை, சக்கரத்தைக் கையால் திருகியதைத்தான் பார்த்தேன். வென்ஃப்ளான் மூன்று என்று போட்டிருந்தது, குத்தியது ஒன்று. சேரும்போதே ஐட்டம் வாரியாக பில் கேளுங்கள், லைனைத் தினமும் போட்டோ எடுங்கள்.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதி. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணமே கிடையாது; இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் எழுதிக் கொடுத்த பிறகு மேனேஜர் கூப்பிட்டு, பம்ப் காசை மட்டும் திருப்பித் தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். நகல்தான் வேண்டும் என்றேன். கிடைத்தது. சிரிஞ்சில் அழுத்தித் தள்ளிய அந்த ராத்திரிக்கான பக்கத்தில், லைன் நன்றாக ஓடுகிறது, வலி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.