நிகோடின் பேட்ச், கம், லாசெஞ்ச், ஸ்பிரே: எதை எடுப்பது?

சிகரெட்டை விடுவதற்காக விற்கப்படும், தோலில் ஒட்டும் பேட்ச், மெல்லும் கம், வாயில் கரையும் லாசெஞ்ச், ஸ்பிரே எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு, நிகோடின். பெட்டி மேல் என்ன படம் போட்டிருந்தாலும் அது மாறாது. ஆனாலும் ஒருவருக்குப் பேட்ச் கைகொடுக்கிறது; இன்னொருவர் அதே பேட்சைத் தோளில் ஒட்டிக்கொண்டே மூன்றாம் நாள் மறுபடி பற்றவைக்கிறார். பெரும்பாலும் இதற்குக் காரணம், நிகோடின் ரத்தத்தில் ஏறும் வேகமும் அவரவர் புகைக்கும் பழக்கமும் பொருந்தாமல் போவதுதான்.

இழுத்த புகையில் இருக்கும் நிகோடின் நுரையீரல் வழியாக மூளையைத் தொட 10 முதல் 20 விநாடி போதும். சிகரெட் ஆளைப் பிடித்து வைத்திருப்பதே இந்த வேகத்தால்தான். மாற்று நிகோடின் எதுவும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது. 'ஒரு தம் அடித்த மாதிரி இல்லையே' என்று குறைப்படுபவர்கள் சொல்வது உண்மைதான். தவிப்பின் கூர்மை மழுங்கும் அளவுக்கு மட்டுமே இவை நிகோடின் தருகின்றன. அதே சமயம் புகையோடு வரும் தார், கார்பன் மோனாக்சைடு, 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் சுமார் 70 பொருட்கள் என்ற கூட்டணி இங்கே கிடையாது. 'அதுவும் நிகோடின், இதுவும் நிகோடின், என்ன லாபம்?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பேட்ச்: ஒட்டிவிட்டு மறந்துவிடலாம்

காலையில் மேல் கையிலோ மார்பிலோ முடி இல்லாத இடத்தைத் துடைத்து உலர்த்தி, பேட்சை ஒட்டி, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்தினால் அன்றைய வேலை முடிந்தது. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர்கள் 21 மி.கி.யில் ஆரம்பித்து, ஆறு வாரம் கழித்து 14-க்கு வந்து, அதில் இரண்டு வாரம், பிறகு 7-இல் இரண்டு வாரம் என்று இறங்குவது வழக்கமான முறை. 10 அல்லது அதற்குக் குறைவாகப் பிடித்தவர்கள் 14-இலேயே தொடங்கலாம். இவை 24 மணி நேர வகையின் கணக்கு. பகலில் மட்டும் ஒட்டும் 16 மணி நேர வகையில் எண்கள் வேறு. பலனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிகோடின் இருப்பதால், காரணமே இல்லாமல் எரிந்து விழுவதும் வேலையில் மனம் நிற்காமல் போவதும் குறையும். ஆனால் பேட்ச் ஏறுவது மணிக்கணக்கில். சாப்பிட்டு முடித்ததும், அல்லது ஒரு கசப்பான தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, திடீரென்று எழும் ஆசைக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் நாளே பற்றவைத்தவரின் கதை அனேகமாக இப்படித்தான் நடந்திருக்கும்.

ஒட்டிய இடம் சிவந்து அரிப்பது சகஜம். தினம் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பாதீர்கள். விசித்திரமான, தெளிவான கனவுகள் வருகின்றன என்றால் படுக்கும்போது கழற்றிவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போதும் கழற்ற வேண்டும். சில வகைகளின் பின்புறத்தில் உலோகம் இருக்கிறது, தோல் சுட்டுவிடும். கழற்றிய பேட்சில் இன்னும் நிகோடின் மிச்சமிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கும் வளர்ப்புப் பிராணிகள் வாய்க்கும் எட்டாத மாதிரி எறிய வேண்டும்.

கம்: அதிகம் தப்பாகப் பயன்படுத்தப்படுவது

இந்தக் குடும்பத்தில் மூத்தது கம்தான். 1960-களின் இறுதியில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு தகவல் வந்தது: புகைக்க வழியில்லாத நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளிக்கிறார்கள். அப்படியானால் புகையிலை இல்லாமல் நிகோடினை மட்டும் வாய்வழியாகத் தர முடியுமா என்று அவர் யோசித்ததன் விளைவு, 1978-இல் சுவிட்சர்லாந்தில் முதலில் அனுமதி பெற்ற நிகோடின் கம். அமெரிக்காவில் அது 1984-இல் மருத்துவர் சீட்டோடும், 1996-இல் சீட்டு இல்லாமலும் விற்பனைக்கு வந்தது.

வடிவம் சூயிங்கம் என்பதால் எல்லாரும் சூயிங்கம் மாதிரியே மெல்லுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டியது. சளைக்காமல் மென்றால் மொத்தமும் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். அங்கிருந்து கல்லீரலுக்குப் போய் பெரும்பகுதி சிதைந்துவிடும். மிச்சத்துக்கு விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். 'எனக்கு கம் ஒத்துக்கவில்லை' என்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது மென்ற விதம்தான்.

சரியான முறை இது. மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். மிளகைக் கடித்தது போல ஒரு காரம், லேசான குறுகுறுப்பு வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் குறுகுறுப்பு அடங்கும். மறுபடி சில முறை மென்று, இந்தத் தடவை அடுத்த கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரைமணி நேரம் போகும். அதற்குப் பிறகு மென்றாலும் காரம் வராது. முன்னால் 15 நிமிடமும் வாயில் இருக்கும்போதும் காபி, பழச்சாறு, குளிர்பானம் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிகோடின் கன்னத்தைத் தாண்டாது. காபியும் சிகரெட்டும் ஜோடியாக ஓடியவர்களுக்கு இந்த விதி கடினம், ஆனால் தளர்த்த முடியாதது.

எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம், நாளுக்குக் குறைந்தது ஒன்பது தேவை, உச்சவரம்பு 24. ஆசை வரும்போது மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று போட்டுவிட்டு 'பலன் இல்லை' என்றால், பலன் எங்கிருந்து வரும்? பல்செட்டு கட்டியவர்களும் தாடை மூட்டில் வலி உள்ளவர்களும் கம்மை விட்டுவிடலாம்.

லாசெஞ்ச்: கம்முக்கு நேரடிப் போட்டி

2, 4 மி.கி. அளவுகள், அரைமணி நேர விதி, காபித் தடை எல்லாம் கம்முக்கு உள்ளதுதான். ஆனால் இதில் மெல்லும் வித்தை தேவையில்லை. கன்னத்தில் ஒதுக்கி, அவ்வப்போது பக்கம் மாற்றினால் 20 முதல் 30 நிமிடத்தில் கரைந்துவிடும். கம்மில் மென்று துப்பும் சக்கையோடு கொஞ்சம் நிகோடின் போய்விடும். லாசெஞ்சில் முழுதும் கரைவதால் அதே 4 மி.கி.யிலிருந்து கால் பங்கு அளவுக்குக் கூடுதலாக உடம்பில் சேரும். கடித்து விழுங்கினால் இங்கேயும் விக்கல்தான். நாளுக்கு 20-க்கு மேல் போகக்கூடாது.

என்னைக் கேட்டால் கம்மா லாசெஞ்சா என்ற போட்டியில் லாசெஞ்சுக்கே ஓட்டு. தப்பாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு. கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போதும் வாய் அசைவது தெரியாது. வாய் சும்மா இருந்தாலே எரிச்சல் வருபவர்கள் மட்டும் கம்முக்குப் போகலாம்.

ஸ்பிரேயும் இன்ஹேலரும்

வேகம் வேண்டும் என்றால் மூக்கு ஸ்பிரே. இருக்கும் மாற்று நிகோடின் வகைகளில் சீக்கிரம் உச்சத்துக்கு ஏறுவது இதுதான், 5 முதல் 10 நிமிடத்துக்குள். அதற்கு விலையும் உண்டு: முதல் வாரம் மூக்கு எரியும், தும்மல் வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும். நாளுக்குப் பாக்கெட் பாக்கெட்டாக ஊதித் தள்ளியவர்கள்தான் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். வேகம் கூடினால் பழகிப்போகும் ஆபத்தும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். வாய் ஸ்பிரே கொஞ்சம் சாது. ஒரு அழுத்தத்துக்கு 1 மி.கி., கன்னத்தின் உள்பக்கம் படும்படி அடித்து, சில விநாடி விழுங்காமல் இருக்க வேண்டும்.

இன்ஹேலர் என்ற பெயரைப் பார்த்து நெஞ்சு வரை இழுக்காதீர்கள். சிகரெட் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழல், உள்ளே நிகோடின் அடைத்த கார்ட்ரிட்ஜ். சின்னச் சின்னதாக இழுத்து வாயிலேயே நிறுத்த வேண்டும். வேகம் கம் அளவுதான். ஆனால் விரலிடுக்கில் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தவிக்கும் கைக்கு இது ஒன்றுதான் வேலை கொடுக்கிறது. எல்லா நாட்டிலும் இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

ஒன்றா, இரண்டா?

ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2018-இல் 133 ஆய்வுகளையும் 64,000-க்கு மேற்பட்டவர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மாற்று நிகோடின் எடுப்பவர்கள் விட்டுவிடும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது. பெரிய எண்ணாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால், அது இல்லாமல் 100 பேரில் 10 பேர் விட்டிருப்பார்கள் என்றால், இதோடு 15 அல்லது 16 பேர். மந்திரம் எதுவும் இல்லை. பேட்ச் தனியாக, கம் தனியாக என்று ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆட்டம் மாறுவது சேர்க்கும்போது. அடியில் பேட்ச், மேலே ஆசை எழும்போது கம்மோ லாசெஞ்சோ என்று எடுப்பவர்கள், ஒன்றை மட்டும் எடுப்பவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக வெற்றி பெறுகிறார்கள் என்று அதே அமைப்பின் 2019 அலசல் சொல்கிறது. பேட்ச் அடித்தளத்தைத் தாங்கும், மற்றது திடீர் அலையைத் தாங்கும். ஆகவே எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில்: பேட்சும் லாசெஞ்சும் சேர்த்து. 'இரண்டு சேர்த்தால் நிகோடின் ஏறிப்போகாதா?' என்ற பயம் எல்லாருக்கும் வரும். நாளெல்லாம் ஊதியபோது உடம்பு பழகிய அளவைவிட இது பொதுவாகக் குறைவுதான். ஏறிப்போனால் குமட்டல், தலைச்சுற்றல், படபடப்பு என்று உடம்பே சொல்லிவிடும், அப்போது குறைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் நான் பார்ப்பதெல்லாம் எதிர்த் தவறு: பயந்து பயந்து அரைகுறையாக எடுப்பதும், இரண்டு வாரத்தில் 'சரி, இனி சமாளித்துக்கொள்வேன்' என்று நிறுத்துவதும்.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்து எறிய வேண்டாம். அது ஒட்டியபடியே இருக்கட்டும்.

இன்னொரு ஒப்பீடும் அடிக்கடி வரும்: கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் விடுவதா? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் மாற்று நிகோடின் உண்டு. நான்கு வாரம் தாண்டியபோது ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதமும், குறைத்து விட்டவர்களில் 39 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள்.

காபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புகையில் உள்ள சில பொருட்கள் காஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கின்றன. நிகோடினுக்கு இதில் பங்கில்லை என்பதால் பேட்ச் ஒட்டினாலும் இது நின்றுபோகும். அதே அளவு காபி இப்போது ரத்தத்தில் இரட்டிப்பாக நிற்கலாம். தூக்கம் கெட்டு, கை நடுங்கினால் பேட்சைத் திட்டுவதற்கு முன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். இதே காரணத்தால் குளோசபின், ஓலன்சபின் என்ற மனநோய் மருந்துகளையோ தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தையோ சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டிவரலாம்.

வெளியிலிருந்து வரும் போட்டியாளர்கள்

வரெனிக்ளின் என்ற மாத்திரையில் நிகோடின் இல்லை. மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் இது பாதி இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். தவிப்பும் குறையும், நடுவில் புகைத்தாலும் சுகம் தெரியாது. 8,000-க்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட, 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் தனிப் பேட்சையும், சிகரெட்டை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானையும் இது முந்தியது. ஆனால் பேட்ச், லாசெஞ்ச் கூட்டணியோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாக இல்லை. மருத்துவர் சீட்டு வேண்டும், குமட்டல் அதிகம். மாற்று நிகோடினை இரண்டு முறை சரியாக எடுத்தும் பலிக்காதவர்கள் அடுத்து கேட்க வேண்டியது இதைத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் மன உறுதியால் விடுபவர்களும் உண்டு. அப்படி முயல்பவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் 100-இல் மூன்று முதல் ஐந்து பேர்தான்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மற்றவர்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொதுவான காலம். சிலர் அதற்குப் பிறகும் கம்மை விட முடியாமல் மாதக்கணக்கில் மெல்லுவார்கள். சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல் என்பதால் அவர்களை நான் அவசரப்படுத்த மாட்டேன். 4-இலிருந்து 2 மி.கி.க்கு இறங்கி, அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத சாதாரணச் சூயிங்கத்தைப் போட்டு வந்தால் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.